விதை மஞ்சளும் கட்-ஆஃபும்

ஈரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஜூன் மாதம் வந்தால் ஒரே வீட்டில் இரண்டு முடிவுகள் எடுத்தாக வேண்டும். தோட்டத்தில் எத்தனை ஏக்கர் மஞ்சள் நடுவது என்பது ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை எதில் சேர்ப்பது என்பது இன்னொன்று. முதலாவதை அப்பா வாய்க்கால் மேட்டில் நின்றபடியே முடித்துவிடுவார். இரண்டாவதற்கு உறவுக்கூட்டமே கூடும். கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்குக் கட்-ஆஃப் போட்டுப் பார்ப்பார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போகும். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் கூப்பிடாமலே வந்து உட்காருவார். எல்லாப் பேச்சும் சுற்றிச்சுற்றி ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "இப்ப எதுக்குங்க மவுசு?"

மஞ்சளுக்கும் இதே கேள்விதான். மஞ்சள் தரையில் ஒன்பது மாதம் கிடக்கும். பொறியியல் நான்கு வருடம் கிடக்கும். கேள்வி மட்டும் 'இப்ப' என்பதிலேயே நிற்கிறது. பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கம் ஒரு குடும்பத்தின் படிப்பையும் வேலையையும் எப்படிப் புரட்டிப்போடுகிறது என்று புரிந்துகொள்ள அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும்.

2010ஆம் ஆண்டின் கடைசியில் ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் குவிண்டால் 17,000 ரூபாய் வரை போனது. அதற்கு முன் அப்படி ஒரு விலையை யாரும் பார்த்ததில்லை. அடுத்த நடவுக்குக் கரும்பு போட்டவரும் வாழை போட்டவரும் மஞ்சளுக்கு மாறினார்கள். எல்லோருடைய மஞ்சளும் ஒரே நேரத்தில் வெந்து, காய்ந்து, மெருகேறிச் சந்தைக்கு வந்தபோது 2012 ஆகியிருந்தது. விலை 4,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது. பல விவசாயிகள் மூட்டையை வீட்டிலேயே அடுக்கிவைத்துக்கொண்டு விலைக்காகக் காத்திருந்தார்கள். வெறுத்துப்போய் அடுத்த வருடம் நடவைக் குறைத்தவர்களும் உண்டு. அப்படிக் குறைத்தால் அதற்கடுத்து வரத்து குறையும். விலை மறுபடி ஏறும். பொருளியலில் இதற்குச் 'சிலந்தி வலை மாதிரி' என்று பெயர். விலையையும் வரத்தையும் கோடு போட்டு வரைந்தால் ஒன்றையொன்று துரத்திச் சுற்றும் அந்தக் கோடு வலை போலத் தெரியும் என்பதால் வந்த பெயர். பயிருக்காகவும் கால்நடைக்காகவும் யோசிக்கப்பட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கை மனிதர்கள் மேல் போட்டுப் பார்த்தவர் ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். 1976ல் அவர் எழுதிய கட்டுரை பொறியாளர்களின் வரத்தையும் அவர்களது ஆரம்பச் சம்பளத்தையும் பற்றியது. அறுபதுகளில் அமெரிக்காவில் விண்வெளித் திட்டமும் ராணுவச் செலவும் பொறியாளர்களை அள்ளிக்கொண்டன. 1970ஐ ஒட்டி அந்தச் செலவு சுருங்கியது, வேலை போயிற்று, பொறியியல் சேர்க்கை சரிந்தது. சில வருடங்களில் ஆள் போதாமல் சம்பளம் ஏறியது. மாணவர்கள் மறுபடி ஓடி வந்தார்கள். மாணவர்கள் முட்டாள்கள் என்று ஃப்ரீமன் சொல்லவில்லை. அவர்கள் சந்தையை நன்றாகவே கவனிக்கிறார்கள் என்பதுதான் அவர் கண்டது. கையில் இருக்கும் ஒரே தகவல் இன்றைய சம்பளம் என்பதால் எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள்.

நம் ஊர்க் கதை இதைவிடப் பெரிது. 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வாசல் திறந்தது. முதல் பதினைந்து வருடம் மெதுவாகத்தான் போனது. 2000ல் சென்னைத் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதே வருடம் அமெரிக்காவில் டாட்காம் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன; இங்கே ஓரிரு வருடம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் முழித்தார்கள். பிறகு அலை திரும்பியது. 2001ல் வந்த கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்காமல் கொடுக்கலாம் என்று ஆயிற்று. 2007ல் நுழைவுத் தேர்வு போயிற்று. கிராமத்துப் பிள்ளைக்குப் பெரிய தடை ஒன்று விலகியது. 2010ல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. இவற்றில் எதையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூலி வேலை செய்தவர்களின் மகள்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு ஓ.எம்.ஆர். சாலையில் பஸ் ஏறியது இவற்றால்தான். ஆனால் எல்லாம் ஒரே காலத்தில், ஒரே படிப்பின் பக்கம் தள்ளின. லாரியிலும் கோழிப்பண்ணையிலும் நூற்பாலையிலும் பணம் பார்த்தவர்கள் கல்லூரி கட்டினார்கள். மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூற்றைம்பதைத் தொட்டது.

அப்புறம் என்ன ஆகும் என்று மஞ்சள் விவசாயிக்குத் தெரியும். பட்டதாரிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியபோது பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுத்த சம்பளம் வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற இடத்தில் பத்து வருடத்துக்கு மேல் நகராமல் நின்றது. அந்தப் பத்து வருடத்தில் வீட்டு வாடகையும் கல்லூரிக் கட்டணமும் எங்கேயோ போய்விட்டன. ஒரு பொருளின் விலை இப்படி நின்றுவிட்டால் வரத்து கட்டுக்கடங்காமல் இருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கல், சிவில் படித்தவர்கள் 'கோர் கம்பெனி' என்று ஒன்றைத் தேடி அலுத்து, டெலிவரி வண்டியில் ஏறினார்கள், வங்கிக் கடன் வசூலுக்குப் போனார்கள், அல்லது அதே மென்பொருள் வாசலில் நின்றார்கள். கலந்தாய்வில் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடந்தன. சில கல்லூரிகள் கலை அறிவியல் கல்லூரிகளாக மாறின, சில பூட்டப்பட்டன. 2020ல் புதிய பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தருவதை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நிறுத்திவைத்தது.

வலை அடுத்த சுற்றுக்கு நகர அதிக நாள் ஆகவில்லை. கொரோனா காலத்தில் உலகமே இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் நிகரமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்தது. அந்த வருடம் ஊரில் நடந்த பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் லெட்டர், நாலு ஆஃபர் லெட்டர் என்று கதை கதையாகச் சொன்னார்கள். 2021லும் 2022லும் பிள்ளையைச் சேர்த்தவர்கள் அந்த விலையைப் பார்த்துத்தான் நட்டார்கள். 2023-24ல் அதே நிறுவனத்தின் ஆள் எண்ணிக்கை 13,000க்கு மேல் குறைந்தது. கையில் கடிதம் இருந்தும் வேலைக்கு அழைப்பு வராமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை உங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள். 2021ல் சேர்ந்தவர்கள் 2025ல் வெளியே வந்தார்கள்.

இங்கே மஞ்சளோடு ஒப்பிடுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இரண்டு இடத்தில் அது பொருந்தாது. அந்த இரண்டும்தான் வலி மிகுந்த இடங்கள்.

மஞ்சள் விலை விழுந்தால் அடுத்த வருடம் அதே நிலத்தில் மரவள்ளி போடலாம். நான்கு வருடம் ஒரு படிப்பில் போட்டவன் அதை உழுதுவிட்டு வேறு போட முடியாது. இது ஒன்று. விலை வரட்டும் என்று மஞ்சளைக் கிடங்கில் வைக்கலாம். பழைய மஞ்சளுக்கும் மதிப்பு உண்டு. பட்டதாரியைக் கிடங்கில் வைத்தால் அவன் 'பழைய பேட்ச்' ஆகிவிடுவான். கேம்பஸ் தேர்வுக்கு வரும் நிறுவனம் இந்த வருடம் பாஸ் அவுட் ஆனவர்களை மட்டுமே கேட்கும். சந்தை சரிந்திருந்த வருடத்தில் வெளியே வந்தவன், சந்தை நிமிரும்போது புதிதாக வருகிறவனோடு மோத வேண்டியிருக்கிறது.

பாஸ் அவுட் ஆகும் வருடம் ஒருவரது வாழ்க்கையில் எவ்வளவு தூரம் நிழல் போடும் என்பதை அளந்திருக்கிறார்கள். கனடாவில் பிலிப் ஒரியோபோலஸும் உடன் உழைத்த இருவரும் 2012ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வழக்கமான மந்த காலத்தில் பட்டம் வாங்கியவர்களின் தொடக்க வருமானம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து வருடத்தில் அந்தப் பள்ளம் பாதியானது. பத்து வருடத்தில் தூர்ந்தது. சராசரிக் கணக்கு இது. நல்ல கல்லூரியில், மவுசுள்ள பாடம் படித்தவர்கள் சீக்கிரம் ஏறிவிட்டார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குப் பள்ளம் முழுதாகத் தூரவே இல்லை. அமெரிக்காவில் லிசா கான் 1979 முதல் 1989 வரை பட்டம் வாங்கியவர்களைப் பின்தொடர்ந்தபோது, பதினைந்து வருடம் கழித்தும் தழும்பு தெரிந்தது.

ஏன் இப்படி? முதல் வேலை என்பது வெறும் சம்பளம் இல்லை. பெரிய நிறுவனத்தில் சேர்ந்தவனுக்குப் பயிற்சி கிடைக்கும், பெயர் கிடைக்கும், இரண்டு வருடத்தில் தாவ ஒரு படி கிடைக்கும். மந்த காலத்தில் கிடைத்ததில் ஏறிக்கொண்டவன், அந்த வண்டியிலிருந்து சரியான வண்டிக்கு மாறவே நாலைந்து வருடம் ஆகும். கனடாவில் மேலே ஏறியவர்கள் பெரும்பாலும் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறித்தான் ஏறினார்கள். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்ததை அடுத்து 2009ல் கல்லூரி முடித்தவர்களையும், அவர்களுக்கு இரண்டு வருடம் மூத்தவர்களையும் ஒரே கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரவைத்துப் பேசவிட்டால் போதும், ஆய்வே தேவையில்லை. மதிப்பெண் ஒன்றுதான், கல்லூரி ஒன்றுதான். ஒருவர் அமெரிக்காவில் பிராஜெக்ட் பார்த்துவிட்டு வந்திருப்பார். மற்றவர் கொஞ்ச நாள் வாத்தியார் வேலை பார்த்தேன் என்று தொடங்குவார். எந்த வருடம் பிறந்தோம் என்பதும் ஒரு தகுதியாகிவிடுகிறது. ஜாதகம் பார்க்கிறவர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இதுவரை பேசியது கல்லூரி வாசல் வரை வந்துவிட்டவர்களைப் பற்றி. ஈரோட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் திருப்பூருக்குப் போனால் இதே ஏற்ற இறக்கம் தலைகீழாக வேலை செய்வதைப் பார்க்கலாம்.

பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குவியும் வருடத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும். கைமடிக்க, செக்கிங் பார்க்க, பீஸ் அடுக்க எவ்வளவு ஆள் வந்தாலும் போதாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வேலைக்குப் போகும் பையன், சனிக்கிழமைச் சம்பளத்தைக் கையில் வாங்குகிறான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவனுக்கு முன்னால் இரண்டு கணக்கு இருக்கிறது. பள்ளிக்குப் போனால் செலவாவது நோட்டுப் புத்தகமும் பஸ் காசும் மட்டுமல்ல. வராமல் போகும் அந்த வாரச் சம்பளமும் செலவுதான். ஊரில் வேலை நன்றாக நடக்க நடக்க அந்தச் செலவு கூடும். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் பீஸ் ரேட்டில் அண்ணனைவிட அதிகம் எடுக்கலாம் என்று பதினைந்து வயதில் தெரியவரும்போது, முக்கோணவியல் தோற்றுத்தான் போகும்.

வளமான காலம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும், வறட்சி காலம் இழுத்துக்கொள்ளும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல இடங்களில் நேர்மாறாக நடந்திருக்கிறது. மெக்சிகோவில் 1986 முதல் 2000 வரை ஏற்றுமதித் தொழிற்சாலைகள் முளைத்த பகுதிகளை டேவிட் அட்கின் ஆராய்ந்தார். புதிதாக உண்டான ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகாமல் ஒன்பதாம் வகுப்போடு நின்றிருந்தார். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது கென்டக்கி, பென்சில்வேனியா நிலக்கரிப் பகுதிகளிலும் இதுதான் நடந்தது. சுரங்கக் கூலி ஏறியது; உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை இறங்கியது. எண்பதுகளில் நிலக்கரி விழுந்தது, வகுப்பறை நிரம்பியது.

சரி, அப்படியானால் சரிவு வரும்போது பையன் பள்ளிக்குத் திரும்பிவிடுவானா? இங்கேதான் கணக்கு ஒருபக்கமாகச் சாய்கிறது. நிலக்கரி ஊர்களில் நிரம்பிய வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள் அடுத்த செட்டுப் பிள்ளைகள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டு விலை ஏறியபோது, கட்டுமான வேலைக்குப் போய்க் கல்லூரியைத் தவிர்த்த இளைஞர்களைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2008ல் வீட்டுச் சந்தை நொறுங்கிய பிறகும் அந்தத் தலைமுறையின் படிப்பு பழைய கோட்டுக்கு வரவில்லை. விட்ட படிப்பு விட்டதுதான். திருப்பூர் இப்படிப்பட்ட அடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வாங்கிய ஊர். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசுக்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2016ல் பணமதிப்பிழப்பு, 2017ல் ஜி.எஸ்.டி., 2020ல் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி. வேலை நின்ற வாரங்களில் பதினேழு வயதுப் பையன் பேக்கரிக்கோ, பெயிண்ட் அடிக்கவோ, வேறு ஊருக்கோ போனான். பதினொன்றாம் வகுப்பில் தன்னைவிட இரண்டு வயது சின்னவர்களோடு போய் உட்கார அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தைப் பொருளியல் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை; ஆனால் அது ஒரு பெரிய காரணம்.

ஆக, ஏற்றமும் இறக்கமும் ஒவ்வொன்றும் இரண்டு கையால் பிடித்து இழுக்கின்றன. வேலை பெருகும்போது கூலியின் ருசி பள்ளியிலிருந்து வெளியே இழுக்கும். 'படித்தால் இன்னும் பெரிய வேலை' என்ற நம்பிக்கை உள்ளே இழுக்கும். வேலை சுருங்கும்போது 'சும்மா இருப்பதற்குப் படிக்கலாமே' என்பது ஒரு பக்கம். கட்டணம் கட்டக் காசில்லை என்பது மறுபக்கம். எந்தக் கை ஜெயிக்கும் என்பது ஊரில் எந்த மாதிரி வேலை கண்ணில் படுகிறது, வீட்டில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்ற இரண்டைப் பொறுத்தது.

கண்ணில் படுவது என்று சொன்னேன். அது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. எமிலி ஆஸ்டர், பிரைஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவுகளை எடுத்து, கால் சென்டர் போன்ற மையங்கள் எங்கெங்கே திறந்தன என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். மையம் திறந்த இடத்தில் பள்ளிச் சேர்க்கை 5 சதவீதத்துக்கும் மேல் கூடியது. சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த விளைவு மறைந்துபோனது. ராபர்ட் ஜென்சன் டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேறு மாதிரி செய்து பார்த்தார். மூன்று வருடம் கால் சென்டர் வேலைக்கு ஆள் எடுப்பவர்களைக் குலுக்கல் முறையில் சில கிராமங்களுக்கு மட்டும் அனுப்பினார். அந்த ஊர்களில் இளம்பெண்களின் கல்யாணமும் முதல் பிரசவமும் தள்ளிப்போயின. சிறுமிகள் கூடுதலாகப் பள்ளியில் இருந்தார்கள். ஊரில் சாலை மாறவில்லை, பள்ளிக்கூடம் மாறவில்லை. பொம்பளப் புள்ளைக்கும் ஒரு வேலை உண்டு என்று கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆள் எடுக்கும் வேன் வருவது நின்றால், முதலில் குறுகுவதும் அவர்களது வழிதான்.

கையிருப்புக்கு வருவோம். அசர் என்ற பெயரில் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி வெளியாகும் நாடு தழுவிய அறிக்கையில் ஒரு வரிசை எண்கள் உண்டு. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 2018ல் 65.6 சதவீதம், 2022ல் 72.9, 2024ல் 66.8. ஏறி இறங்கும் இந்தக் கோடு கொரோனா காலத்து வீட்டுப் பட்ஜெட்டின் எக்ஸ்ரே. சின்னத் தனியார் பள்ளிகள் சில மூடியதும் இதில் சேரும். வேன் கட்டணம் கட்ட முடியாதவர்கள் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். சம்பளம் திரும்பியதும் மறுபடி டை கட்டி அனுப்பினார்கள். பிள்ளை படிப்பை விடவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இரண்டு தடவை பள்ளி மாறி, இரண்டு தடவை பயிற்றுமொழி மாறிய பிள்ளைக்கு அந்த ஆறுதல் போதுமா என்பது தனிக் கேள்வி.

நடுத்தரக் குடும்பத்துக்குச் சரிவு காலத்தில் இன்னொரு அடைக்கலம் உண்டு. கவர்மெண்ட் வேலை. 2022ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். தனியார் வேலை ஆடும்போதெல்லாம் அரசு வேலையின் பளபளப்பு கூடும். நியாயம்தான். ஆனால் அரசின் கஜானாவும் அதே பொருளாதாரத்துக்குள்தானே இருக்கிறது? 2001 நவம்பரில் நிதி நெருக்கடியைக் காட்டித் தமிழக அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. ஆசிரியர், காவலர், மருத்துவர் போன்ற சில பணிகளுக்கு விலக்கு இருந்தது. மற்றபடி 2006 வரை கதவு ஏறக்குறைய சாத்தியே இருந்தது.

கதவு சாத்தியிருந்தால் வாசலில் நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? வேறு வேலைக்குப் போவார்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். குணால் மங்கல் என்ற பொருளியலாளர் இந்தத் தடைக் காலத்தை எடுத்து ஆராய்ந்தபோது கண்டது வேறு. அந்த வருடங்களில் பட்டம் வாங்கிய ஆண்கள் கூடுதல் காலம் வேலையில்லாமல் இருந்தார்கள். இடம் குறைந்ததும் போட்டி கடுமையாகும், அதனால் இன்னும் அதிகம் படிக்க வேண்டும் என்று தயாரிப்பை நீட்டித்துக்கொண்டிருந்தார்கள். தடை போய்ப் பல வருடம் கழித்தும் அந்த வயதினரின் சம்பாதிக்கும் திறன் பின்தங்கியே இருந்தது. தனிக்குடும்பம் அமைப்பதும் தள்ளிப்போயிருந்தது. மாவட்ட மைய நூலகங்களில் வழுக்கை விழத் தொடங்கிய தலையோடு பொது அறிவுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கும் மனிதர்களைப் பார்க்கும்போது இந்த ஆய்வு என் நினைவுக்கு வரும். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு நா எழாது. 'இன்னும் ஒரு தடவை' என்பது ஒவ்வொரு தனி வருடத்திலும் சரியான முடிவாகத்தான் தெரியும். ஐந்து வருடத்தைச் சேர்த்துக் கூட்டும்போதுதான் தவறு தெரியும்.

அப்படிக் காத்திருக்க எல்லோராலும் முடியாது. கல்விக் கடன் வாங்கியவனால் நிச்சயம் முடியாது. அந்தத் திட்டத்தின்படி படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். அந்த ஒரு வருடத்தில் சந்தை எப்படி இருந்தது என்று வங்கி கேட்காது. நல்ல காலத்தில் பெரிய சம்பளத்தை நினைத்து வாங்கிய கடன். அதைத் திருப்பும் காலம் எப்படி இருக்கும் என்பது கடன் பத்திரத்தில் இல்லை. ஒரே வகுப்பில் படித்த இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனுடைய அப்பாவுக்குச் சொந்தக் கடை இருக்கிறது. மந்த காலம் போகட்டும் என்று எம்.இ. சேருகிறான், ஒரு கோர்ஸ் முடிக்கிறான், சந்தை நிமிரும்போது இறங்குகிறான். இன்னொருவன் பதிமூன்றாம் மாதம் தவணை கட்ட வேண்டும் என்பதால் முதலில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்கிறான். படித்ததற்கும் பார்ப்பதற்கும் சம்பந்தமில்லாத வேலை. மந்த காலம் இருவருக்கும் ஒன்றுதான். காத்திருக்கும் காலத்தை ஒருவன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டான். மற்றவனிடம் அது இல்லை. கனடா ஆய்வில் கடைசி வரிசையின் பள்ளம் ஏன் தூரவில்லை என்பதற்கு அங்கே வேறு காரணங்கள் இருக்கலாம். இங்கே எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

2012 அடிக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு மஞ்சள் விவசாயி ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். நடவுக்கு முன்னால் அவர் விலையை விசாரிப்பதே இல்லை. விதை மஞ்சள் விற்பவர்களிடம் போய், இந்த வருடம் எவ்வளவு விதை போயிருக்கிறது, எந்தப் பக்கத்து ஆட்கள் வாங்கிப் போனார்கள் என்று பேச்சுக் கொடுத்துவிட்டு வருவார். மற்றவர்கள் என்ன நட்டார்கள் என்று தெரிந்துகொண்டுதான் தான் நடுவார். தப்பாமல் ஜெயிக்கிறார் என்று சொல்லமாட்டேன். மழை பொய்த்தால் அந்தக் கணக்கும் போச்சு.

போன வருடம் அவர் வீட்டுத் திண்ணையில் கட்-ஆஃப் கூட்டம் நடந்தது. பேத்திக்கு நல்ல மதிப்பெண். பெங்களூர்ப் பையன் போனில் ஏ.ஐ. எடு என்றான். வாத்தியார், ஏ.ஐ. வந்தால் கம்ப்யூட்டர் வேலையே போய்விடும், எலெக்ட்ரிக்கல் எடு என்றார். பெரியவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "விதை எவ்வளவு போயிருக்குதுன்னு பாக்க முடியுங்களா?" என்றார். யாருக்கும் புரியவில்லை. பேத்திக்குப் புரிந்தது. கலந்தாய்வு இணையதளத்தில் கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக இருந்த இடங்களின் பட்டியலைத் திறந்தாள். ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதில் செயற்கை நுண்ணறிவு, அதில் தரவு அறிவியல், அதில் சைபர் செக்யூரிட்டி, அப்புறம் ஐ.டி. என்று விரல் விட்டு எண்ணினாள். ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024ல் எடுத்துவிட்டார்கள். எண்கள் நீண்டுகொண்டே போயின. கீழே சிவிலுக்கு அறுபது இடமும் மெக்கானிக்கலுக்கு முப்பதும் இருந்தன.

"அப்ப எதுல விதை கம்மியோ அதுல போலாமாங்க தாத்தா?"

"கம்மியா ஏன் போச்சுன்னு மொதல்ல பாரு சாமி. நெலமே ஆகாமக்கூட இருக்கும்."

அவள் மறுபடி மேலே போய் ஒவ்வொரு கல்லூரியாகப் பார்க்கத் தொடங்கினாள். விருப்பப் பட்டியலைப் பூட்ட மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது.